தனக்கே தந்தி அடித்தவன்

கிராகூப், போலந்து, 1935

அக்டோபர் 8, செவ்வாய்

மழை. தந்தி அலுவலகத்தில் என் ஜன்னலுக்கு இன்று பதினேழு பேர். மூன்று சாவு, ஒரு கல்யாணம், மற்றதெல்லாம் ரயில் வரும் நேரம். வீட்டுக்கு வந்தால் மேஜையில் புதிதாக ஒரு பச்சை நோட்டு. ஸெனான் வாங்கி வைத்திருக்கிறான்.

என் கணவனுக்குப் பகலில் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் வேலை. மீதி நேரத்தில் ஆறு வருஷமாக ஒரு நாவல். தான் பேசுவது தன் காதிலேயே விழுந்துகொண்டிருப்பதால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாத ஒருவனைப் பற்றிய கதை. நாவலும் முடிந்தபாடில்லை.

"தினமும் இதுல எழுது, ஒத்தில்கா. ஞாயித்துக்கிழமை நான் படிப்பேன். தன்னைக் கவனிக்காத ஒரு கை எப்படி எழுதும்னு எனக்குப் பாக்கணும்."

"என் கையா?"

"ஆமா. நீ யோசிக்காம எழுதுவ. அது ஒரு வரம்."

பாராட்டினானா, திட்டினானா? இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 10

பச்சை நோட்டில் 'மழை பெய்தது' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பெய்தது வெறும் தூறல். மழை என்று போட்டால் யோசிக்காத பெண் எழுதியதுபோல் இருக்கும் என்று போட்டிருக்கிறேன். யோசிக்காமல் எழுது என்று அவன் சொன்னதிலிருந்து எனக்கு யோசனையைத் தவிர வேறு வேலை இல்லை.

நான் இதையெல்லாம் எழுதும் இந்தப் பழைய நோட்டைப் பற்றி அவனுக்குத் தெரியாது. முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்குப் பின்னால் வைத்திருக்கிறேன். முட்டைக்கோஸை ஒரு பிடி பிடிப்பான், ஆனால் பீப்பாயின் நாற்றம் ஆகாது. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான்.

அக்டோபர் 20, ஞாயிறு

பொய் எழுதிவிட்டேன். என் ஜன்னலுக்கு ஒருவன் வந்தான், தன் முகவரிக்கே தந்தி அடித்தான், 'நாளை வருகிறேன், வீட்டில் இரு' என்று. பச்சை நோட்டில் ஒன்றரைப் பக்கம். அப்படி யாரும் வரவில்லை. அவன் தொப்பி, ஈரக் கையுறை, கையெழுத்துப் போடும்போது தன் பெயரை ஒரு தடவை சரிபார்த்தது, எல்லாம் நான் உட்கார்ந்து செய்தது.

ஸெனான் படித்துவிட்டு அறைக்குள் நடையாய் நடந்தான். "பாத்தியா, நீ கவனிக்கவே இல்ல. இதுல எவ்வளவு இருக்குன்னு உனக்கே தெரியல."

தெரியாது என்று சொல்லிவிட்டேன். சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்குப் போக வேண்டியிருந்தது.

அக்டோபர் 29

மூன்றாம் அத்தியாயம், முதல் வரி. ஸெனான் இன்றும் அதை அடித்துவிட்டான்.

நவம்பர் 14, வியாழன்

வழக்கம்போல எங்கள் வீட்டில் எழுத்தாளர்களின் வியாழன் கூட்டம். ஸெனான் புது அத்தியாயம் படித்தான். ஒருவன் தனக்கே தந்தி அடிக்கிறான். ஈரக் கையுறை உட்பட, வரிக்கு வரி என்னுடையது.

பத்திரிகை நடத்தும் பான் கொர்னெல் தேநீரைக் கீழே வைத்தார். "ஆறு வருஷத்துல இப்பதான்யா உன் ஆளு மூச்சு விடறான்."

"வாழ்க்கைலேருந்து எடுத்தது," என்றான் ஸெனான். நான் கசகசா கேக்கை ஏந்திக்கொண்டு நிற்கிறேன். என் பக்கம் திரும்பினான், கேக்கில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டான்.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கொஞ்ச நேரம் கழித்து. முதலில் வந்தது ஆச்சரியம்தான். என் வாக்கியங்கள் இன்னொருவர் வாயில் இப்படியா கேட்கும்? நான்காவது வரி நீளம். வெட்ட வேண்டும்.

நவம்பர் 24

'முதலில் வந்தது ஆச்சரியம்' என்று எழுதியிருக்கிறேனே, அது உண்மையா? எழுதி முடித்ததும் அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. அப்படியானால் இங்கேயும் யாருக்கோ எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் — பீப்பாயா?

டிசம்பர் 5

பச்சை நோட்டில் அந்தத் தந்திக்காரன் மறுபடி வந்தான். இந்த முறை மனைவிக்கு. 'உன் பக்கத்தில் இருக்கும்போதாவது என் குரல் என் காதில் விழாமல் இருக்கட்டும்.' எழுதும்போது கண் கலங்கிவிட்டது. ஏன் மறைக்க வேண்டும்? ஸெனான் இதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆயிற்று.

டிசம்பர் 24, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. மேஜைவிரிப்புக்கு அடியில் வைக்கோல், வராத விருந்தாளிக்கு ஒரு தட்டு, கெண்டை மீன். தனியாள் என்பதால் பான் கொர்னெலையும் கூப்பிட்டிருந்தோம். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் ஆளுக்கொரு மெல்லிய கிறிஸ்துமஸ் அப்பத்தைக் கையில் எடுத்தோம். ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் பிட்டுக்கொண்டு, கண்ணைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். போன வருஷம் ஸெனான் "ஆரோக்கியம், சந்தோஷம்" என்று ஆரம்பித்தான். "கேட்டியா, எவ்வளவு பழைய சரக்கு" என்று பாதியில் நிறுத்திவிட்டான். அன்று நான் வாழ்த்தில்லாமல் அப்பம் தின்றேன்.

இன்று என் அப்பத்தில் ஒரு துணுக்கு பிட்டான். "உன் பக்கத்துல இருக்கறப்பவாவது என் குரல் என் காதுல விழாம இருக்கட்டும்."

விளையாடுகிறானா? இல்லை. கண்ணில் தண்ணீர்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்தும் இல்ல. தானா வந்துச்சு. ஒத்தில்கா, முதல் தடவையா என் குரல் எனக்குக் கேக்கல."

சும்மா இருந்திருக்கலாம். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே, வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கலாம்.

"அது என் குரல், ஸெனான். அதான் உனக்குக் கேக்கல."

பான் கொர்னெல் அப்பத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். சூப் ஆறிப்போனது.

டிசம்பர் 25

மிச்சக் கெண்டை மீனை அவன் அறையில் தின்றான், நான் அடுப்பங்கரையில்.

டிசம்பர் 29, ஞாயிறு

பச்சை நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தான். பிறகு அடுப்பங்கரைக்கு வந்து, பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நின்றான்.

"அந்தத் தந்திக்காரன் நிஜமா வந்தானா?"

"இல்ல."

"கையுறை?"

"அதுவும் இல்ல."

"அவன் நான்தானா?"

"பாதி நீ. பாதி நான்."

கத்தியை எடுத்து என்னோடு உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தான். தோலோடு பாதிக் கிழங்கும் போனது.

ஜனவரி 9, 1936, வியாழன்

இன்று கூட்டத்தில் தந்திக்காரன் கதையை நான் படித்தேன். முதல் பக்கத்தில் குரல் உதறியது, என் காதில் நன்றாகவே விழுந்தது. போகட்டும் என்று மேலே படித்தேன். ஸெனான் கேக் வெட்டினான், எல்லாத் துண்டும் கோணல். கடைசியில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னான். அவன் சொன்னது சரிதான், மாற்றிவிட்டேன். பான் கொர்னெல், பத்திரிகையில் கதைக்குக் கீழே என்ன பெயர் போடுவது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஸெனான் என் பெயரைச் சொன்னான்.

இந்த நோட்டு இப்போது மேஜையில்தான் இருக்கிறது.