“இன்னொருக்கா” என்று நீங்கள் கேட்ட பியானோ

போய்ச் சேர்ந்த பிறகும் என்னைப் பதற வைக்கிற என் அன்பு மச்சானுக்கு,

பாரிஸில் நீங்கள் சமையல் வேலை பார்த்த ஜாஸ் கிளப்பில், கூட்டத்தை வைத்துக்கொண்டே பதிவு செய்த அந்தப் பியானோ சிடி போன வாரம் ஓடும்போதே திக்கியது. ஓடிப்போய் நிறுத்தினேன். போன் கெட்டபோது அதிலிருந்த உங்கள் பேச்செல்லாம் போய்விட்டது. உங்கள் குரலென்று மிச்சமிருப்பது இந்த சிடியில் மட்டும்தான்.

அந்த ஜாஸ் வாசிப்புக்குப் பெபாப் என்று பேர் சொல்வீர்கள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி என்ன வேகம்! எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் நாலாவது பாட்டில் பியானோக்காரர் வெளுத்து வாங்கும்போது, நம்மூர் நையாண்டி மேளத்துக்குக் குரல் கொடுக்கிற மாதிரி, அடுப்படி வாசலில் நின்று “போடு ராசா! இன்னொருக்கா!” என்று கத்தினீர்களே, அது புரியும். தமிழ் தெரியாத மனுஷர் சிரித்துக்கொண்டே அதையே திரும்ப வாசித்தாராமே. வேலைக்குப் போன இடத்தில் கூச்சநாச்சம் வேண்டாமா உங்களுக்கு?

பென்டிரைவில் ஏற்றலாமென்று பாலவனத்தத்தில் பஸ் ஏறி, நம் மகள் நிக்காஹ்வுக்கு வீடியோ எடுத்த அருப்புக்கோட்டைத் தம்பியின் ஸ்டூடியோவில் கொடுத்தேன். இன்று வாங்கப் போனால் பெருமையாகச் சொல்கிறான்: “அக்கா, கிளாஸ் சத்தம், கைதட்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன். நடுவுல எவனோ ஒருத்தன் கத்துறான், அவனையும் தூக்கிட்டேன்.”

கல்யாண வீடியோவில் பாத்திரச் சத்தத்தை நீக்கிப் பழகியவன். அவனைச் சொல்லி என்ன செய்ய?

“அடப்பாவி, அது எங்க வீட்டுக்காரவுகடா! சிடி எங்க?”

அவன் முகம் செத்துவிட்டது. மேசையெல்லாம் கிளறினான். யா அல்லா என்று நானும் சேர்ந்து தேடினேன். கடைசியில் ஒரு கல்யாண ஆல்பத்துக்கு அடியில் கிடந்தது. துடைத்துப் போட்டான். நாலாவது பாட்டு வந்தது. “போடு ராசா! இன்னொருக்கா!” அங்கேயே மாட்டிக்கொண்டது. “இன்னொருக்கா… இன்னொருக்கா…”

கீறல் உங்கள் குரல் மேலேயே விழுந்திருக்கிறது மச்சான். நிறுத்தக் கை நீட்டியவனைப் பிடித்துக்கொண்டேன். “விடு தம்பி, அவுக பேசட்டும்.”

திக்கலோடு அப்படியே ஏற்றி வாங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் பென்டிரைவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இதுவும் கெட்டால் எங்கே போவேன்?

சிடியை இனி யார் கையிலும் கொடுக்க மாட்டேன். நீங்கள் ‘இன்னொருக்கா’ என்று கேட்கிறபோதெல்லாம் போடுவேன்.

உங்கள் மாமா மகள்,
ஆமினா