தம்பியின் மோட்டார்சைக்கிள் விற்கிறதுக்கில்லை

இஞ்சருங்கோ,

என்ரை தம்பிக்குச் சாப்பாடு கொண்டு மறியற்சாலைக்குப் போறன். உங்கடை சோறு மேசையிலை மூடிக்கிடக்கு. ராத்திரிக் கோவத்திலை பட்டினி கிடக்காதேங்கோ.

மோட்டார்சைக்கிளைப் பார்க்க நீங்கள் வரச்சொன்ன மருதானை ஆள் வந்தால், விற்கிறதுக்கில்லை எண்டு சொல்லி அனுப்புங்கோ. தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனதிலையிருந்து அது சும்மாதான் நிக்குது. கடல் காத்துக்கு எஞ்சின் கறள் பிடிச்சிடும் எண்டு நீங்கள் சொன்னதும் சரிதான். அதாலைதான் காலமை, கராஜ் மஹ்ரூப் நானா சொல்லித்தந்த மாதிரி, பிளக்கைக் கழட்டி உள்ளுக்கு ஒயில் விட்டு, கிக்கரை மெதுவா மிதிச்சு எல்லா இடமும் பிடிக்க வைச்சனான். காபரேட்டரிலை கிடந்த பெற்றோலையும் வடிச்சாச்சு. இனி எத்தினை மாதமெண்டாலும் நிக்கும்.

ஜெகதி

பி.கு: பிளக் ஓட்டையை அடைச்சிருக்கிறது உங்கடை புதுப் பெனியன். பிளக்கைத் தேடாதேங்கோ, என்ரை கைப்பைக்குள்ளை இருக்கு. தம்பி வந்து தன்ரை கையாலை அதைத் திரும்பப் பூட்டட்டும்.