பிரிக்காத பெட்டி

மார்ச் 4
"அது என் அறை" என்று இன்றும் சொல்லவில்லை. கணவரைப் பிரிந்து கைக்குழந்தையோடு வந்த அக்காவுக்கு அம்மா அதை ஒழித்துக் கொடுத்தபோது, "கொஞ்ச நாளைக்குத்தான்டி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றாள். தலையாட்டினேன். கொஞ்ச நாள் எப்போதோ முடிந்துவிட்டது. என் மேசைமேல் குழந்தைத் துணிகள். ஆங்கில-தமிழ் அகராதிக்குச் சொற்களை எழுதும் என் வேலையைச் சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் செய்கிறேன்.

மார்ச் 9
இந்த வாரம் எனக்கு வந்திருக்கும் ஆங்கில வினை 'பொஸஸ்' (possess). உடைமையாகக் கொள்ளுதல். வேர் லத்தீன்: வல்லமை உள்ளவர் என்பதும் உட்காருதல் என்பதும் சேர்ந்து உருவானதாகக் கருதுகிறார்கள். வாங்குவதோ பூட்டி வைப்பதோ அல்ல, உரிமையோடு உட்காருவது! இன்னும் யோசித்திருப்பேன். அம்மா மிக்ஸியைப் போட்டாள். யோசனையும் சேர்ந்து அரைபட்டது.

மார்ச் 10
எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சொல்லை எழுதுபவரே சொந்தமாக எழுத வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். என்னுடையதைப் படித்த ஆசிரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.
"மூணு வாக்கியத்துலயும் யாரோ யார் ரூமையோ புடுங்கிக்கிறாங்களேம்மா! சண்டையை வீட்ல போடுங்க, அகராதில வேணாம்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கண் கரித்தது.

மார்ச் 11
ஏன் வாயே வரமாட்டேங்குது? அக்கா அழுதுட்டா என்ன பண்றது? குடும்பத்தையே விட்டு வந்தவளிடம் போய் ஒரு மேசைக்காக நிற்பதா?

மார்ச் 14
சொல்லிவிட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியைத் தாண்டவில்லை.
"அக்கா, என் மேசை எனக்கு வேணும். காலைலயாவது."
அவள் அழவில்லை. "அடிப்பாவி! மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டுத் திரிஞ்சது இதுக்கா? வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"
பிறகு குரல் இறங்கியது. "நான் மட்டும் இங்க நிம்மதியாவா இருக்கேன்? உன் ரூமாச்சேன்னு பெட்டியைக்கூடப் பிரிக்கல."
கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். வந்த அன்று கட்டியிருந்த கயிறு அப்படியே இருந்தது.
அவள் வந்ததிலிருந்து அந்த அறையில் இரண்டு பேருமே உரிமையோடு உட்காரவில்லை.

மார்ச் 15
கயிற்றை அறுத்தோம். அலமாரியில் பாதி அவளுக்கு. மேசையை ஜன்னலோரம் இழுத்த சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. "வீட்டையே புரட்டிப் போடுறீங்களாடி?" என்று வந்த அம்மா, மறுபக்கம் பிடித்துத் தள்ளினாள்.

ஏப்ரல் 20
காலையில் மேசை எனக்கு. மாலையில் அக்கா அதில் உட்கார்ந்து வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன்.