சின்னமுத்து வந்த வழி

இன்று காலை ஆய்வுகூடத்துக்கு வந்த ரெஜிபோம் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். உருகிய ஐஸின் ஈர வாடை முகத்தில் அடித்ததும் உன் நினைவுதான் வந்தது. உள்ளே, சின்னமுத்து எனும் தட்டம்மைக் காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிள்ளையின் தொண்டைச் சளி. நீ இருந்திருந்தால், பிள்ளைக்கு இப்போது எப்படி என்றுதான் முதலில் கேட்டிருப்பாய்.

சண்டைக்குத் தப்பி வாகரைப் பக்கத்திலிருந்து வந்த சனங்களைப் பல வருடங்களுக்கு முன் வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருத்தியிருந்தார்கள். நீ அங்கே மருத்துவமாது. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில். பிள்ளைகளுக்குக் கண் சிவந்து, காய்ச்சல் ஏறி, உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. ஒரு சிறுமி இறந்துபோனாள். பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பிடித்தது.

"இவங்கள் கொண்டு வந்த வருத்தம். வேற எங்கயும் அனுப்புங்க" என்று ஊரார் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஊசி போட்டு முடியிற வரைக்கும் ஒருத்தரும் போகேலா" என்று நீ வாசலை மறித்தாய். இரண்டு பகுதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தடுப்பூசி போட்டாய்.

இறந்த சிறுமியின் தாய் மட்டும் ஒரு மூலையில் கண்ணீரே இல்லாமல் இருந்தாள். உன் கையைப் பிடித்துக் கேட்டாள்: "என்ட புள்ளதானா மிஸ்ஸி எல்லாருக்கும் குடுத்தது?"

"தெரியாது. பாத்துச் சொல்றன்" என்றாய்.

ஆறுதலுக்குச் சொன்னாய் என்று நினைத்தேன். மறுநாளே என்னிடம் வந்து நின்றாய். "கிருமி எங்க இருந்து வந்ததெண்டு பாக்கேலும் எண்டு சொன்னாயேகா?"

பார்க்கலாம்தான். ஆளுக்கு ஆள் தாவும்போது அந்தக் கிருமியின் மரபணு எழுத்துகள் அங்குமிங்கும் மாறும். அந்த எழுத்துகளை ஒப்பிட்டால் அதன் உறவுகள் உலகில் எங்கெங்கே திரிந்தன என்று தெரியும். ஆனால் அந்த வசதி வெளிநாட்டில். பிள்ளைகளின் தொண்டைச் சளி குளிர் குறையாமல் முதலில் கொழும்புவரை போக வேண்டும்.

"அப்ப கொண்டு போவம்" என்றாய்.

சோதனைச் சாவடியில் சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னான். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. "சரம்ப" என்று அவனுடைய மொழியில் நோயின் பெயரைச் சொன்னாய். அவன் சட்டென மூடியை அழுத்தினான். காலிப் பக்கத்தில் தன் தங்கைக்கும் அதே வருத்தம் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் நீ நகர்ந்தாய்.

பஸ்ஸில் ஏறியதும், "கேட்டியாகா? அங்கயும் இரிக்கு" என்றாய்.

மாதங்கள் கழித்து, சளியை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிய கொழும்பு டொக்டர் தொலைபேசியில் முடிவைச் சொன்னார். வாகரைச் சனங்கள் ஊரை விட்டு வரும் முன்பே கொழும்பு நோயாளிகளிடம் அதே எழுத்துகள் கிடைத்திருந்தன. அதற்கும் முன்பு கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் அந்த வகை பரவியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் அதை யார் கொண்டுவந்தார் என்று அதில் தெரியவில்லை. அது அங்கே பிறக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

அந்தத் தாய் அப்போது தன்னாமுனையில் ஒரு கொட்டிலில் இருந்தாள். நாம் இருவரும் போனோம்.

"உங்கட புள்ளைக்கு முன்னமே அது ஊரூராத் திரிஞ்சிருக்கு" என்றாய். "எங்கட ஊசிதான் உங்களிட்ட வந்து சேரல்ல. பிழை எங்களில."

"இனி அவள நினைச்சு அழலாம்" என்றாள். அன்றுதான் அழுதாள். நீயும் அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதாய்.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. அந்த எழுத்துகளை இப்போது இங்கேயே வாசிக்கிறோம். உனக்குச் சொல்ல ஆசைப்பட்ட செய்தி அது.

இன்று மத்தியானம் ஓர் அதிகாரி அந்தப் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றித் தொலைபேசியில் கேட்டார், "இதை யார் கொண்டுவந்தது? எந்த நாட்டுக்காரர்?"

"கிருமி வந்த பாதையைச் சில நாளில் சொல்வேன். ஆளைத் தேடித் தரமாட்டேன்" என்றேன். "அந்தப் பிள்ளையின் தெருவில் ஊசி போடாத பிள்ளைகள் யார் யார்?"

அப்படி ஒரு பட்டியல் இல்லை என்றார். நாளைக்கு அந்தப் பகுதி மருத்துவமாதுடன் நானும் அந்தத் தெருவுக்குப் போகிறேன். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டப் போகிறோம்.