மூன்று நிமிட மின்டி

ஜூலை 8, செவ்வாய்

குருபோங் மிட்டாய்த் தொழிற்சாலையில் எங்கள் லைனுக்கு லீடர் தேடுகிறார்கள். ஒரே இடம். நானும் மனுப் போட்டேன், வீட்டுக்காரர் தனேஷும் போட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்தால் வீட்டிலும் லீடர், வேலையிலும் லீடர். தாங்குமா இந்த உடம்பு?

ஜூலை 10, வியாழன்

நேர்முகத்துக்கு ஆளுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லாம். அதற்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். சீட்டு எடுத்தோம். அவருக்கு 'ச்சூவி', அதாவது மெல்ல மெல்ல இழுபடும் மிட்டாய்ப் பதம். எனக்கு 'மின்டி'.

வீடு வரும் வரை அவருக்குச் சிரிப்பு. "அதுல என்னா இருக்கு நளினி? பல்லு வெளக்கிட்டுப் போயி வாயத் தொறந்து நில்லுலா. அதுவே போதும்." மோட்டார் சைக்கிளை அவர் ஓட்டிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்.

ஜூலை 13, ஞாயிறு

இவர் ஸ்டோர் கிளார்க் திலகவதியிடம் ஆங்கிலம் பழகுகிறாராம். "அவ பேசுனா வெள்ளக்காரனே தோத்துருவான்" என்று ஒரே புகழ்ச்சி. கொஞ்சம் எரிந்தது. இல்லை, நன்றாகவே எரிந்தது.

நான் கைப்பேசியில் தேடினேன். மின்ட் என்றால் புதினா. மின்டி என்றால் புதினா மாதிரி ருசி, வாசம், மூக்குக்குள் ஏறும் அந்த ஜில்லிப்பு. பிரியாணியிலும் அதே இலைதானே போடுகிறோம்? அதை யாரும் மின்டி என்பதில்லையே, ஏன்? இனிப்பும் ஜில்லிப்பும் சேர்ந்தால்தான் அந்தப் பெயரோ?

மலாய்க்காரர்களும் நம்மைப் போலப் புதினா என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு மின்ட் வந்தது லத்தீனிலிருந்து, லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து. அங்கே மிந்தே என்று ஒருத்தி. பாதாள ராஜாவோடு அவளுக்குப் பழக்கம். ராணிக்குத் தெரிந்துவிட்டது. போட்டு மிதி மிதி என்று மிதித்துவிட்டாள். மிந்தே புதினாச் செடியாகிப் போனாள். அதனால்தான் மிதித்தால் புதினா மணக்கிறதாம்.

இந்த ராணியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

கதையை இவரிடம் சொல்லவில்லை. சொல்வேனா?

ஜூலை 16, புதன்

நேர்முகம். மனுப் போட்ட எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டோம். முதலில் இவர். திலகவதி எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருந்தார் போல, பாதியில் நின்றுவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

அடுத்து நான். இலக்கணமெல்லாம் காற்றில் போயிற்று. ராணி வந்ததும் எங்கிருந்தோ தைரியமும் வந்தது. இவரையே பார்த்துக்கொண்டு தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்துக் காட்டினேன். மேனேஜர் மேடத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்டார். "இதுவரை தேவைப்படவில்லை, மேடம்" என்றேன். இவர் காது சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டார். "நெசமாவே அப்படி ஒரு கத இருக்கா, இல்ல எனக்காகக் கட்டிவிட்டியா?"

"போயித் தேடிப் பாருங்க."

ஜூலை 21, திங்கள்

லீடர் வேலை எனக்குத்தான்! இவர் விருட்டென்று மோட்டாரைக் கிளப்பினார். பயந்துபோய், "கோவமாங்க?" என்றேன்.

"பசிக்குதுலா" என்றார். ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

முதல் நாள். என் லைனில் ஒருவர் தலைக்கு உறை போடாமல் நின்றார். கூப்பிட்டுக் கண்டித்தேன். "சரி, லீடர்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் அதே ஆள் நம் வீட்டு அடுப்பின் முன் நின்று கேட்கிறார்: "லீடர், கொழம்புக்கு உப்பு எவ்ளோ?"