வரைபடம் பின்னாலே வரும்

பிப்ரவரி 9

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தையல்காரம்மா அதை ஒரு ரவிக்கைத் துணிக்குள் சுருட்டிக் கொடுத்து, "அளவு இதுலதான் இருக்கு, பத்திரம்" என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. வயிற்றுக்குள் இருப்பது ரொம்ப உதைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அப்பாவின் பேரப்பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

அப்பா தூங்கிவிட்டார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குழாய் சொட்டினால்கூட எழுந்து வருகிறாரோ என்று காகிதத்தை மடியில் மறைக்கிறேன். நீ எனக்குச் சுண்டெலி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அப்பா சூப்பர்வைசராக இருக்கும் சைட்டில் குன்றை வெட்டி ரோடு போடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். முன்பெல்லாம் வரைபடம் முழுசாக முடிந்த பிறகுதான் டெண்டர் விடுவார்களாம். வேறொரு காண்ட்ராக்டர் வேலையை எடுப்பாராம். சந்தேகம் வந்தால் அரசாங்க என்ஜினீயருக்கு எழுதிப்போட்டுவிட்டு, அவர் வந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்திவைக்கலாமாம். இந்த ரோட்டுக்கு அப்படி இல்லை. வரைவதும் கட்டுவதும் ஒரே கம்பெனி. அங்கே வரைந்துகொண்டே இருப்பார்கள், இங்கே கட்டிக்கொண்டே இருப்பார்கள். காத்திருக்க வேண்டாம், ரோடு சீக்கிரம் வந்துவிடும். முன்கூட்டி முடித்தால் கம்பெனிக்குப் பரிசு, தாமதமானால் அபராதம்.

"சரியா இருக்கான்னு பாக்குறதும் அதே கம்பெனிதான்," என்றார் அப்பா சாப்பிடும்போது. "பரீட்சை எழுதுறவனே கேள்வித்தாள் போட்டு, அவனே மார்க்கும் போட்டுக்கிற மாதிரி."

"நல்லதுதானேப்பா, எல்லாரும் பாஸ்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

குன்றை மூன்று படியாக வெட்டுகிறார்கள். மேலே இரண்டு படி முடிந்தது. இரண்டாம் படியில் மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிகிறது. வடிகால் எங்கே போடுவது என்று வரைபடம் வராமல் கடைசிப் படியில் கைவைக்க மாட்டேன் என்று அப்பா நிற்கிறார். அந்த வரைபடம் வர வேண்டியது அதே கம்பெனியில் வரைகிற அத்தானின் மேஜையிலிருந்து. அப்பா அத்தானுக்குப் போன் செய்ய மாட்டார். சைட் ஆபீஸ் மூலம் எழுதிக் கேட்டார். பதில் இல்லை. "உங்களால முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்கு" என்று மேனேஜர் தினமும் கத்துகிறாராம்.

நேற்று பொக்லைன் ஓட்டுகிற அண்ணன்தான் அப்பாவைக் கொண்டுவந்து விட்டார். "உங்கப்பா சொல்லாம நான் லீவரைத் தொட மாட்டேன் பாப்பா. அந்த ஈர மண்ணைப் பாத்தாலே பயமா இருக்கு. என் பொண்ணு உன் ஸ்கூல்தான், ரெண்டாம் கிளாஸ். அவகிட்ட மட்டும் நான் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிடாதே" என்றார்.

அத்தானிடம் சொல்லி வரைபடத்தை அனுப்பச் சொல். அப்பாவின் வேலை போய்விட்டால் எங்களுக்கு என்ன இருக்கிறது?

உன் சுண்டெலி

*

பிப்ரவரி 17

என் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மண் பரிசோதனை முடிவே இன்னும் என் கைக்கு வரல. எதை வச்சு வரையறது?" என்கிறார். இப்படி வர வேண்டியவை அவர் மேஜையில் குவிந்து கிடக்கின்றனவாம். ஆபீஸில் எல்லோரும் இவரைத்தான் குத்துகிறார்கள்: "மொத்த ரோடும் உங்க மாமனார் வாசல்ல நிக்குது. சொந்த மாமனாரைச் சமாளிக்கத் தெரியலையா?" முந்தாநாள் இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டார். நான் என்ன செய்வேன், சொல்லு.

அவரே அப்பாவிடம் பேசிப் பார்க்கட்டுமா? குரலைக் கேட்டதும் அப்பா வைத்துவிடுவாரோ என்று அவருக்குப் பயம். இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, "இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று உன் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னாரே, அது இன்னும் என் காதில் இருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு. முடியை வெட்டிக்கொண்டாயாமே, தையல்காரம்மா எழுதியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

அக்கா

*

பிப்ரவரி 24

அக்கா,

பேசச் சொல்! அப்பா வைக்க மாட்டார். உன் சைக்கிளை நான் ஓட்டுவதே இல்லை, ஆனாலும் மாதாமாதம் அதற்குக் காற்றடித்து வைக்கிறார். கேட்டால் "டயர் வீணாயிடும்" என்பார்.

ஆனால் ஒன்று. அத்தான் பழைய மாதிரி "சார்" என்று ஆரம்பிக்கக் கூடாது. "மாமா" என்று கூப்பிடட்டும். அது போதும், பார்.

சுண்டெலி

*

மார்ச் 4

அக்கா, அக்கா,

அத்தான் பேசிவிட்டார்! நான் பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா "யாரு?" என்றார். பிறகு அப்படியே நின்றார். அப்புறம் "சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை! எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். இரவு கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டார்.

"யாருப்பா போன்ல?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"அதான் தெரியுமே உனக்கு. மாமான்னு கூப்பிட்டான். உங்கக்காவுக்கு அடுத்த மாசம் பிரசவமாம்." கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார்: "கடைசிப் படியை வெட்ட ஆரம்பிச்சுடலாமாம். வரைபடம் பின்னாலேயே வருதாம்."

"தண்ணி கசியுதுன்னீங்களே?"

"கணக்குப் போட்டவன் அவன். அவனே வெட்டுங்க மாமாங்கறான். வீட்டு மனுஷன் பேச்சை நம்பாம, காகிதம் கொடுன்னா கேக்க முடியும்?"

நாளை வெட்டுகிறார்கள். குழந்தை பிறந்ததும் உன்னைப் பார்க்க வருவோம் என்றுதான் நினைக்கிறேன். அப்பா இன்னும் சொல்லவில்லை, ஆனால் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

உன் சுண்டெலி

*

மார்ச் 8

அக்கா,

மண் சரிந்துவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. பொக்லைன் அண்ணன் போய்விட்டார்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்றாம். இரண்டாம் நாள் மத்தியானம் மேலே இரண்டு படியும் சேர்ந்து அப்படியே இறங்கியதாம். அப்பா கத்தியது வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அப்பா கையாலேயே தோண்டியிருக்கிறார். நகமெல்லாம் பிய்ந்திருக்கிறது. மருந்து போடப் போனால் கையை இழுத்துக்கொள்கிறார்.

வரைபடம் நேற்று வந்துவிட்டதாம். வடிகால் எல்லாம் அதில் இருக்கிறதாம்.

போலீஸ்காரர்கள் வந்து போனார்கள். விசாரணை இருக்கிறதாம். அக்கா, அத்தான் சொல்லித்தானே அப்பா வெட்டினார்? அத்தான் வந்து அதைச் சொல்லிவிடுவார் இல்லையா? சீக்கிரம் எழுது. "மாமா" என்று கூப்பிடச் சொன்னது நான்தான். அதை நினைத்தால் எனக்குக் குளிர்கிறது.

சுண்டெலி

*

மார்ச் 15

என் கண்ணே,

நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு என் மேல் கோபப்படாதே. நீ குழந்தை. மாமா என்று கூப்பிடச் சொன்னதெல்லாம் தப்பே இல்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அத்தான் இரவில் தூங்குவதே இல்லை. மேலதிகாரி, "எப்படியாவது உங்க மாமனாரை வெட்ட வைங்க" என்று சொன்னதால்தான் அவர் பேசினார். இப்போது அந்த ஆள் தான் எதுவும் சொல்லவில்லை என்கிறார். வரைபடம் இல்லாமல் வெட்டச் சொன்னது அத்தான் என்று தெரிந்தால் அவரால் இனி எங்கும் வேலை பார்க்க முடியாது. உள்ளேயும் போட்டுவிடுவார்கள். நான் நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவரைக் கடுமையாகத் தண்டிக்க மாட்டார்கள் என்று வக்கீல் சொல்கிறார்.

அந்தப் போனைப் பற்றி யார் கேட்டாலும், நலம் விசாரித்தார் என்று மட்டும் சொல். அப்பாவிடமும் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பார். எனக்காக இல்லை, இந்தக் குழந்தைக்காக.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

குழந்தை பிறந்ததைத் தையல்காரம்மா சொன்னார். பையனாமே. நல்லபடியாக இருங்கள்.

நீ சொல்லச் சொன்னதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. எத்தனையோ முறை வாய்வரை வந்தது. பயமாக இருந்தது. அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் பயம்.

நேற்று விசாரணை முடிந்தது. வீட்டில் தனியாக விட முடியாதென்று அப்பா என்னையும் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் உட்காரவைத்தார். அத்தான் புதுச்சட்டை போட்டிருந்தார். "வரைபடம் இல்லாமல் வெட்டச் சொல்லவில்லை, போனில் நலம்தான் விசாரித்தேன்" என்றார். அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, அது உண்மையா என்று கேட்டார்கள். அப்பா அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார்.

"ஆமாங்க. நலம்தான் விசாரிச்சார்."

"அப்ப யார் வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் வெட்டினேன்."

நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்.

வீட்டுக்கு வந்தால் கேட் அருகே பொக்லைன் அண்ணனின் மனைவி நின்றுகொண்டிருந்தார். அந்தச் சின்னப் பெண்ணும் பள்ளிச் சீருடையில் பக்கத்தில் இருந்தாள். "நீங்க சொன்னாத்தான் தொடுவேன்னு வீட்டுல சொல்லிட்டே இருப்பாரு. நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நான்தான்."

அவர் திட்டவில்லை. "அவரோட சாப்பாட்டுத் தூக்கு அங்கேயே கிடக்கும். அதையாவது எடுத்துக் கொடுங்க" என்றார். அப்பாவால் அதுகூட முடியாது. அவரை சைட்டுக்குள் விடுவதில்லை.

அடுத்தது கோர்ட். ஜெயில் நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

தங்கை

*

மே 2

என் தங்கமே,

நீ சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அடக்கத்துக்காகச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? நீதான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினாய். உன் கடிதத்தைப் படித்து அத்தான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். அப்பாவின் காலில் விழ வேண்டும் என்று அத்தான் துடிக்கிறார். கோர்ட்டுக்கு முன்னால் அப்பா பேரனை ஒருமுறை தூக்கிவிடட்டும். அப்பா உள்ளே போக நேர்ந்தால் நீ எங்களோடு வந்துவிடு. உனக்கென்று ஜன்னல் வைத்த அறை ஒன்றை அத்தான் ஒழித்து வைத்திருக்கிறார். குழந்தைக்கு நம் அப்பாவின் காது. வந்து பாரேன்.

அக்கா

*

மே 5

அக்காவுக்கு,

இது ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று தையல்காரம்மாவிடம் கெஞ்சியிருக்கிறேன். அப்பா உள்ளே போனால் தன் வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லி அந்த அம்மாவே கூப்பிட்டிருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறது. பள்ளிக்குப் பக்கம்தான். அதனால் அந்த அறையில் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் அப்பா பேசுவதே குறைவு. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். போடாவிட்டால் கேட்பதில்லை. நேற்று மட்டும் அவராக வாயைத் திறந்தார். "குழந்தை எப்படி இருக்காம்?" என்றார். உனக்கு எழுதுகிறேன் என்று எப்போது கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. இத்தனை நாள் அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். கண்டுபிடித்தும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

நீங்கள் வர வேண்டாம்.

வந்தால் அப்பா கதவைத் திறப்பார். அத்தான் காலில் விழுவதற்கு முன்பே பிடித்துத் தூக்கிவிடுவார். நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அப்புறம் உள்ளே திரும்பி, "அத்தான் வந்திருக்கார், தண்ணி கொண்டா" என்பார். நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

என்னால் முடியாது அக்கா.

தங்கை