நீ இறங்காத ரயில்

நம் படத்தின் ஒலியில் ஓர் இடத்தில் இரைச்சல் இருந்தது. அதைச் சரிசெய்ய இன்று மதியம் ஹெட்போனை மாட்டினேன். காட்சி தொடங்குவதற்கு முன்பே உன் குரல் வந்துவிட்டது. "அக்கா, மைக்கு கழுத்தாண்ட குத்திக்கினே கீது. கொஞ்சம் எடுத்து வுடேன்."

ஹெட்போனைக் கழற்றவும் முடியவில்லை, மேலே கேட்கவும் முடியவில்லை. உனக்கு எழுதாமல் இன்று என்னால் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது போலிருக்கிறது.

நேபாளத்திலிருந்து வந்து சென்னையில் வளரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சின்னதாக ஒரு படம் எடுக்க நினைத்திருந்தேன். கூச்சப்படுகிற, வாய் திறக்காத ஒருத்தியாகத்தான் அவளை எழுதி வைத்திருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட் வாசலில், உன் அம்மாவின் மோமோ வண்டிக்குப் பின்னால் நின்று நீ ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தாய். "அண்ணே, லைன்ல வா. உனக்கு மட்டும் இன்னா, கொம்பா மொளைச்சிக்கீது?" நான் எழுதிய பெண் அங்கேயே காணாமல் போனாள். உன்னையே நடிக்கக் கூப்பிட்டேன்.

கனவெல்லாம் எந்த மொழியில் வரும் என்று ஒருநாள் கேட்டேன். "அப்பா திட்ற கனவுன்னா நேபாளி. மத்ததெல்லாம் தமிழ்தான்" என்றாய். அதையே வசனமாக வைத்தோம்.

முடிவில்தான் சண்டை வந்தது. என் கதையில் அந்தப் பெண் ஊருக்கே திரும்பிவிடுவாள். படித்துவிட்டுத் தாள்களை மடியில் போட்டாய்.

"அவ இன்னாத்துக்குப் போவணும்?"

"அவளோட ஊரு அதுதானே?"

"அவளைக் கேட்டியா நீ?"

முடிவை மாற்றினேன். வீட்டில் கோபித்துக்கொண்டு, ஊருக்குப் போவதாகப் பையோடு சென்ட்ரலுக்கு ரயில் ஏறுவாள். அன்று மாலையே அம்பத்தூரில் வந்து இறங்குவாள். வசனமே கிடையாது, வீடுவரை நடப்பாள், அவ்வளவுதான். "இப்பதான் கரீட்டு" என்றாய்.

ஏறும் காட்சியைப் படம்பிடித்துவிட்டோம். இறங்குவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தோம். அதற்குள் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸோடு படுத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை கேன்சல் பண்ணிடாதக்கா. மூஞ்சி வாடிக்கீறதும் நல்லதுதான். அழுதுட்டு வந்தவ மாதிரியே இருக்கும்" என்று சிரித்தாய். சனிக்கிழமை நீ போய்விட்டாய். உன் அப்பா வாட்ச்மேன் சீருடையிலேயே ஓடிவந்தார். உன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், தூங்கும் பிள்ளையை எழுப்புகிறவர் மாதிரி.

பல மாதங்கள் நான் அந்தக் காட்சிகளைத் திறக்கவேயில்லை. திறந்தபோது, நீ ஏறினாய். வண்டி நகர்ந்தது. அதோடு முடிந்தது. நீ வேண்டாமென்று சண்டை போட்ட முடிவுதான் என்னிடம் மிஞ்சியிருந்தது. திரும்பி வரும் உன்னை எங்கே போய்த் தேடுவேன்? பைத்தியம் பிடித்தவள்போல ஒன்று செய்தேன். உன் உயரத்தில் ஒரு பெண்ணைப் பிடித்து, உன் மஞ்சள் துப்பட்டாவைப் போடச் சொல்லி, முதுகுப்பக்கமாக எடுத்தேன்.

உன் அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"என் பொண்ணு இப்படி நடக்காது" என்றார். "அது ஓடும்."

"அப்ப நான் என்னதாம்மா செய்றது?" என்று அழுதுவிட்டேன்.

"ரயில்ல ஏத்தாதே."

நீ ஏறுவதையே வெட்டி எடுத்தேன். மற்றவர்கள் தயாராகும்வரை நீ பிளாட்பாரத்தில் சும்மா உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது பதிவாகியிருந்தது. வண்டிகள் வருகின்றன, போகின்றன. நீ தோலை ஊதிவிட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறாய். படம் அதோடு முடிகிறது.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் திரையிட்டார்கள். உன் அம்மாவும் வந்திருந்தார். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "லாஸ்ட்ல அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிட்டாளா, இல்லையா மேடம்?" என்று கேட்டாள். மைக்கைப் பிடித்தபடி நின்றேன். கடைசி வரிசையில் உன் அம்மா எழுந்து நின்றார்.

"போகல. இங்கதான் கீது."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. உன் அம்மா உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்துவிடச் சொல்லி உன் வீட்டாரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உன்னை எரித்த இடத்தை விட்டு எப்படிப் போவது என்கிறார் உன் அப்பா.

நான் தினமும் வேலை முடிந்து சென்ட்ரலிலிருந்து பட்டாபிராமுக்கு ரயிலில் திரும்புகிறேன். அம்பத்தூர் வரும்போது என்னையறியாமல் எழுந்து கதவருகே போய்விடுகிறேன். நேற்றும் ஒருவர் திட்டினார். "எறங்கலன்னா ஒத்துமா! வழில நின்னுகினு..." ஒதுங்கிக்கொண்டேன். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வண்டி கிளம்பிவிட்டது.